உறையுலர்த்தலா, உணக்கலா? நனைந்த நூல்களுக்கு ஒரு சொல்

குழுவினருக்கு வணக்கம்.

வெள்ளத்தில் நனைந்த நூல்களை மீட்பது பற்றிப் பொது நூலகப் பணியாளர்களுக்கான கையேடு ஒன்றை மொழிபெயர்த்து வருகிறேன். வெள்ளிக்கிழமை அது அச்சுக்குப் போக வேண்டும். ஆறாம் இயலின் முற்பாதி ஃபிளாரன்ஸ் நகரைப் பற்றியது. 1966 நவம்பர் 4 அன்று ஆர்னோ ஆறு அங்குள்ள தேசிய நூலகத்துக்குள் புகுந்து, பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட நூல்களையும் பிறவற்றையும் சேற்றில் ஆழ்த்தியது. தாள்களுக்கிடையே ஒற்றுத்தாள் செருகியும், புகையிலை உலர்த்தும் சூளைகளில் அடுக்கியும் அவற்றைக் காயவைத்தார்கள். இதற்கெல்லாம் தமிழில் சொல் தேட வேண்டியிருக்கவில்லை. 1972இல் அமெரிக்காவின் கார்னிங் கண்ணாடி அருங்காட்சியக நூலகம் வெள்ளத்தில் மூழ்கியபோது நூல்களை உறையவைத்தார்கள்; என் சிக்கல் அங்கேதான் தொடங்குகிறது.

நூலை மைனஸ் 20 பாகை செல்சியஸ் அளவில் உறையவைத்து, வெற்றிடக் கலனுக்குள் பனிக்கட்டி உருகாமலே ஆவியாகும்படி செய்யும் ‘ஃப்ரீஸ் டிரையிங்’ முறைக்கு ‘உறையுலர்த்தல்’ என்று எழுதியிருந்தேன். அதே பக்கத்தில், ‘உறையுலர்த்தல் முடியும்வரை நூலின் உறையைக் கழற்றலாகாது’ என்றொரு வரி வருகிறது. மெய்ப்புத் திருத்திய நண்பர், உறையைக் கழற்றித் தனியே உலர்த்துவதற்குத்தான் உறையுலர்த்தல் என்று பெயரா எனக் கேட்டார். நீரில் ஊறி உப்பிய நூலின் உறையையும் அட்டையையும் பதற்றத்தில் பிய்த்துவிடக் கூடாது என்பதற்காகவே எழுதிய வரி, பிய்க்கச் சொல்வதாகப் படிக்கப்படுமானால் அச்சொல்லை நான் வைத்துக்கொள்ள முடியாது. வேறு சொல் தாருங்கள்.

*

அன்புடையீர்,

பொருள் மயக்கம் இருக்கட்டும். முதலில் இலக்கணத்தைப் பார்ப்போம். ‘காலம் கரந்த பெயரெச்சம் வினைத்தொகை’ என்பது நன்னூல். உறைபனியை ‘உறைகின்ற பனி’ என்று விரிக்கலாம். உறையுலர்த்தலை எப்படி விரிப்பது? உலர்த்தலா உறைகிறது? எழுவாயும் செயப்படுபொருளும் நூலில் உள்ள நீராக இருக்க, அந்த நீரைச் சொல்லாமலே சொல் முடிந்துவிடுகிறது.

நான் முன்மொழிவது ‘உணக்கல்’. உணங்குதல் (காய்தல்) தன்வினை, உணக்குதல் (காயவைத்தல்) பிறவினை. ‘தொடிப்புழுதி கஃசா உணக்கின்’ என்று உழவு அதிகாரத்தில் வள்ளுவர் சொல்வதை நினைத்துப் பாருங்கள். தொடி என்பது ஒரு பலம், கஃசு கால்பலம். ஒரு பலப் புழுதி கால்பலமாகும் வரை காய வேண்டும் என்று உலர்த்தலை எடையால் அளந்து சொல்லும் குறள் இது. வெற்றிடக் கலனில் நூல் காய்ந்துவிட்டதா என்பதையும் எடை குறைவதை வைத்தே அறிகிறார்கள் என்று படித்திருக்கிறேன். மலையாளத்தார் இன்றும் அன்றாடம் ஆளும் சொல்லை நாம் ஏன் கைவிட வேண்டும்? ‘பனியுணக்கல்’ என்றால் உறைக்கு அங்கே வேலையே இல்லை.

*

ஐயா அவர்களுக்கு,

குறளைப் பொருத்திய விதம் எனக்கு மிகவும் பிடித்தது. ஆனால் நான் இயற்பியல் கற்பிப்பவன்; உணக்கல் என்றால் என் மாணவர் எவருக்கும் விளங்காது. அதோடு, ‘பனியுணக்கல்’ என்றாலும் ‘உறையுலர்த்தல்’ என்றாலும் நடப்பது என்னவென்று தெரியவில்லை. காற்றழுத்தம் ஏறத்தாழ 611 பாஸ்கலுக்குக் கீழே இறங்கினால் நீர் என்ற நிலைக்கே இடமில்லை; பனிக்கட்டி நேரே ஆவியாகும். பள்ளிப் பாடநூலில் இதற்குப் ‘பதங்கமாதல்’ என்ற சொல் இருக்கிறது. ஆகவே ‘பதங்க உலர்த்தல்’ என்போம். பதங்கம் வடசொல் என்று ஒதுக்க வேண்டாம். ஆவியாக்கிப் படியவைத்த மருந்தைச் சித்த மருத்துவர்கள் நெடுங்காலமாகப் பதங்கம் என்றே சொல்லி வருகிறார்கள்.

*

பதங்கம் என்றால் விட்டில் என்றும் நிகண்டில் உண்டு. பூச்சிக்கு அஞ்சும் நூலகத்தில் இச்சொல் வேண்டுமா என்பதை மட்டும் கேட்டு வைக்கிறேன்.

*

அனைவருக்கும் வணக்கம்.

நான் நூலகர். 2015 டிசம்பரில் சென்னையில் எங்கள் வீட்டுத் தரைத்தளத்தில் நீர் புகுந்தது. கீழ்த்தட்டில் இருந்த கோயில் சிற்பப் படத்தொகுதி ஒன்றை, வழவழப்பான ஆர்ட் தாளில் அச்சிட்டது, மொட்டைமாடி வெயிலில் விரித்து வைத்தேன். மறுநாள் எடுத்தபோது அது செங்கல்லாக இருந்தது. ஒரு தாளின் ஓரத்தை நகத்தால் நெம்பினேன். நடராசரின் தூக்கிய பாதம் எதிர்ப்பக்கத்தோடு போய்விட்டது. அத்தகைய தாள் ஈரமாக இருக்கும்போதே உறையவைக்கப்பட்டிருந்தால் பிழைத்திருக்கும் என்பதைப் பிறகு படித்துத்தான் அறிந்தேன்.

இதை ஏன் சொல்கிறேன் என்றால், நனைந்த நூலில் 48 மணி நேரத்துக்குள் பூஞ்சை கிளம்பலாம். அந்த நேரத்தில் கையேட்டைப் புரட்டும் பணியாளருக்கு இரண்டு செய்திகள் தெளிவாகப் போய்ச் சேர வேண்டும். உறையவைத்தல் பூஞ்சையை நிறுத்திக் காலத்தை வாங்கித் தரும், அது உலர்த்தல் ஆகாது. உறைந்த நூலை வெளியே எடுத்து வெயிலில் வைத்தால் பனி உருகி, மை மறுபடி கசியும். ஆகவே இரு படிகளும் பெயரிலேயே தனித்தனியாகத் தெரியும்படி ‘உறையவைத்து உலர்த்தல்’ என்றே வையுங்கள். எங்கள் ஊழியர் படித்த மாத்திரத்தில் புரிந்துகொள்வார்.

*

குழுவினருக்கு,

நாளை அச்சகத்துக்குக் கோப்பை அனுப்ப வேண்டும். மறுமொழி எழுதிய பதினொருவரில் எழுவர் நூலகர் அம்மாவின் பக்கம் நிற்பதால், ‘வெற்றிடத்தில் உறையவைத்து உலர்த்தல்’ என்று முதல் இடத்திலும், அடுத்தடுத்து ‘உறையவைத்து உலர்த்தல்’ என்றும் எழுதுகிறேன். ‘உறையை வைத்து’ என்று அச்சுப்பிழை நேராமல் இருக்க, நூலின் உறை வரும் இடமெல்லாம் ‘மேலட்டைத் தாள்’ என்று மாற்றிவிட்டேன். பதங்க உலர்த்தல் பின்னிணைப்பில் இடம்பெறும்.

*

அன்புடையீர்,

பெரும்பான்மைக்குத் தடை சொல்லவில்லை. ஆயினும் நீங்கள் எழுதியிருப்பது செய்முறை விளக்கம். அதிலிருந்து ஒரு வினையடி கிளைக்காது. அந்தக் கலனுக்கும், அதை இயக்குபவருக்கும், காய்ந்து வந்த நூலுக்கும் என்ன பெயர் சொல்வீர்கள்? உணக்கலன், உணக்குநர், உணங்குநூல் என்று என் சொல் தானே கிளைக்கிறது. பின்னிணைப்பில் பதங்கத்தின் அருகே உணக்கலுக்கும் ஒரு வரி ஒதுக்குமாறு வேண்டுகிறேன்; மறுபதிப்பின்போது மீண்டும் எழுதுவேன்.