சைகைமொழி ஏஐ மொழிபெயர்ப்பு: காதுகேளாதோரை எந்தக் கட்டத்தில், எப்படிச் சேர்ப்பது?

கேள்வி: நிரலடுக்கு

வணக்கம். நாங்கள் நான்கு பேர் கொண்ட சிறிய குழு. நால்வருமே காது கேட்பவர்கள். வரவேற்பு மேசைகளில் வைக்க ஒரு கருவி செய்கிறோம். எதிரில் இருப்பவர் செய்யும் சைகையைக் கேமரா வழியாகப் படித்து எழுத்தாகவும் குரலாகவும் தரும். மேசைக்காரர் பேசுவதைத் திரையில் ஓர் அவதார், அதாவது கணினி உருவாக்கிய மனித உருவம், சைகையாகச் செய்து காட்டும். மாதிரி வடிவம் அடுத்த காலாண்டில் தயாராகிவிடும். அதன்பிறகு காதுகேளாத பத்துப் பேரை அழைத்துச் சோதித்துப் பார்த்து, அவர்கள் சொல்லும் திருத்தங்களைச் செய்துவிட்டு வெளியிடலாம் என்று நினைத்திருக்கிறோம்.

என் சந்தேகங்கள்:
1. பத்துப் பேர் போதுமா? எப்படிப்பட்டவர்கள் வேண்டும்?
2. இணையத்தில் கிடைக்கும் சைகைமொழிக் காணொளிகளைப் பயிற்சிக்கு எடுத்துக்கொள்ளலாமா?
3. துல்லியத்தை எதை வைத்து அளப்பது?
4. இந்தக் கருவியை வைக்கவே கூடாத இடங்கள் உண்டா?

பதில் 1: விரல்நுனி

உங்கள் திட்டத்தின் வரிசையே தலைகீழ். கருவி முடிந்தபின் ஆளைக் கூப்பிட்டால் பொத்தான் எங்கே இருக்க வேண்டும், எழுத்து எவ்வளவு பெரிதாக வேண்டும் என்பதை மட்டும்தான் அவர்களால் மாற்ற முடியும். இந்தக் கருவி தேவையா, எந்த உரையாடலுக்குத் தேவை என்ற முடிவெல்லாம் அதற்குள் எடுத்தாகிவிட்டது.

2016-இல் அமெரிக்காவில் சைகையைக் குரலாக்கும் கையுறைக்கு மாணவர் பரிசாகப் பத்தாயிரம் டாலர் கிடைத்தது. காதுகேளாதோரும் மொழியியலாளர்களும் உடனே எதிர்த்தார்கள். சைகைமொழியின் இலக்கணத்தில் பெரும்பங்கு புருவத்திலும் வாயிலும் பார்வையிலும் தோளிலும் இருக்கிறது. கையுறைக்குக் கை மட்டுமே தெரியும். காதுகேளாத ஒரே ஒருவர் முதல் நாள் கூட்டத்தில் இருந்திருந்தால் அரை மணி நேரத்தில் இதைச் சொல்லியிருப்பார்.

செய்ய வேண்டியது இதுதான். நிரல் எழுதுவதை நிறுத்திவைத்துவிட்டு ஆறிலிருந்து எட்டுப் பேர் கொண்ட ஆலோசனைக் குழு அமையுங்கள். பெரும்பான்மையும் தலைமையும் காதுகேளாதவர்களிடம் இருக்கட்டும். ஆள் தேர்வில் பலரும் தவறுவது, நன்றாக எழுதப் படிக்கத் தெரிந்த, மின்னஞ்சலுக்குச் சட்டென்று பதில் போடும் இளைஞர்களை மட்டும் சேர்ப்பதில். காதுகேளாத பெற்றோருக்குப் பிறந்து குழந்தையிலிருந்தே சைகைமொழி பேசுபவர், பதின்வயதில் கற்றவர், முதியவர், வட்டார வழக்கு வேறுபட்டவர், இடக்கைப் பழக்கம் உள்ளவர், பார்வையும் குறைந்தவர், தொழில்முறையில் மொழிபெயர்க்கும் காதுகேளாதவர் என்று கலந்து இருக்க வேண்டும்.

கூட்டம் சைகைமொழியில் நடக்கட்டும். மொழிபெயர்ப்பாளர் உங்கள் நால்வருக்காக வருகிறார், அந்தச் செலவும் உங்களுடையது. ஒரு மணி நேரத்தைத் தாண்டும் கூட்டத்துக்கு இருவர் தேவை. சுமார் 20 நிமிடத்துக்கு ஒருமுறை மாற்றிக்கொள்ளாவிட்டால் களைப்பில் பிழை கூடும். நிகழ்ச்சி நிரலை ஒரு வாரம் முன்பே சைகைக் காணொளியாக அனுப்புங்கள். உறுப்பினர்களுக்கு மற்ற ஆலோசகர்களுக்குத் தரும் அதே மணிக்கூலி. தயாரிப்பு நேரத்தையும் அதில் சேர்க்க வேண்டும். பரிசுக் கூப்பனைக் கையில் கொடுத்து அனுப்பும் வழக்கம் வேண்டவே வேண்டாம்.

மிக முக்கியமானது, எழுத்தில் தடை அதிகாரம். பயிற்சிக்கான காணொளிப் பதிவு தொடங்குமுன், உண்மையான இடத்தில் சோதனைக்கு முன், வெளியீட்டுக்கு முன் என மூன்று இடங்களில் குழு ‘வேண்டாம்’ என்றால் வேலை நிற்க வேண்டும். அது ஒப்பந்தத்தில் இல்லை என்றால் அந்தக் குழு வெறும் புகைப்படத்துக்குத்தான்.

பதில் 2: தரவுத்தறி

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். பொதுவில் கிடக்கிறது என்பதாலேயே காணொளியை எடுத்துவிடக் கூடாது. உரிமைச் சிக்கல் ஒரு பக்கம் இருக்க, மொழியின் தரமே அங்கே பிரச்சினை. ஆய்வில் அதிகம் புழங்கும் ஜெர்மன் சைகைமொழிக் காணொளித் தொகுப்பான ஃபீனிக்ஸ்-2014டி முழுக்கத் தொலைக்காட்சி வானிலை அறிக்கை. அதில் சைகை செய்பவர்கள் ஒன்பது பேர்தான். அதுவும் பேச்சைக் கேட்டு உடனுக்குடன் மொழிபெயர்ப்பது. அவசரத்தில் பேச்சுமொழியின் சொல்வரிசை சைகைக்குள் நுழைந்துவிடும். இதை வைத்துப் பயின்ற ஏஐ மாதிரி (மாடல்) மழை வருமா என்று சொல்லும், மேசையில் இருவர் பேசிக்கொள்வது அதற்குப் புரியாது. மாறாக, 2023-இல் வந்த ஏஎஸ்எல் சிட்டிசன் என்ற அமெரிக்கச் சைகைமொழித் தொகுப்பில் 52 பேர் தாங்களே, தங்கள் ஒப்புதலோடு 83,000-க்கு மேற்பட்ட துணுக்குகளைப் பதிந்து தந்தார்கள். ஆனால் அவை தனித்தனிச் சைகைகள், வாக்கியங்கள் அல்ல. அதையும் மனதில் வையுங்கள்.

ஒப்புதல் விஷயத்தில் பெரும்பாலான குழுக்கள் சறுக்குகின்றன. முகத்தை மங்கலாக்கினால் இலக்கணம் போய்விடும், எனவே பெயரை மறைத்தாலும் ஆளை மறைக்க முடியாது. ‘படத்தைச் சேமிக்கவில்லை, உடலும் முகமும் இருக்கும் இடத்தைக் காட்டும் புள்ளிகளை மட்டும் சேமிக்கிறோம்’ என்பதும் முழுப் பாதுகாப்பு இல்லை. அப்படிப் புள்ளிகளை எடுக்கும் மென்பொருளான மீடியாபைப் ஹோலிஸ்டிக் எடுக்கும் 543 புள்ளிகளில் 468 முகத்தில் இருப்பவை. அசைவின் நடையை வைத்தே தெரிந்தவர்கள் ஆளை அடையாளம் கண்டுகொள்வார்கள். ஆகவே ஒப்புதல் படிவத்தைச் சைகைக் காணொளியாகச் செய்து, ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஆம் அல்லது இல்லை கேளுங்கள்: ஆய்வுக்கு, மாதிரிப் பயிற்சிக்கு, வணிகப் பயன்பாட்டுக்கு, பொது வெளியீட்டுக்கு, அவருடைய அசைவை அவதாருக்குப் பயன்படுத்த. கடைசியானதைப் பலர் மறுப்பார்கள். அவர்கள் சொல்லவே சொல்லாத ஒன்றை அவர்கள் கைகளே சொல்வதுபோல் ஆகிவிடும் அல்லவா?

ஒருவர் பின்னால் விலகினால் என்ன ஆகும் என்பதை முன்கூட்டியே நேர்மையாகச் சொல்லிவிடுங்கள். காணொளியை அழிக்கலாம். ஏற்கெனவே பயின்ற மாதிரியிலிருந்து அவரை மட்டும் உருவி எடுக்க முடியாது. அடுத்த பயிற்சியில் அவர் இருக்க மாட்டார் என்று தேதியோடு உறுதி தரலாம். அதற்கு எந்தத் துணுக்கு யாருடையது, எந்த மாதிரிப் பதிப்பில் போனது என்ற பதிவேடு முதல் நாளிலிருந்தே வேண்டும்.

பதிவு நுணுக்கம் சில:

நொடிக்கு 50 அல்லது 60 படச்சட்டங்கள் (ஃபிரேம்). 30-இல் விரலெழுத்து, அதாவது சொல்லை எழுத்தெழுத்தாக விரலால் காட்டுவது, தேய்ந்து தெரியும். கேமராவின் ஷட்டர் 1/250 நொடி அல்லது அதைவிட வேகமாக. தலைக்கு மேல் கொஞ்சம் இடம்விட்டு இடுப்பு வரை, முழங்கைகள் விரியப் பக்கவாட்டில் தாராளமாக. தோலின் நிறத்திலிருந்து விலகிய ஒரே நிறச் சட்டை, பின்புலமும் அப்படியே. முன்னால் இருபுறமும் மெல்லிய ஒளி வைத்தால் புருவத்தின் நிழல் கண்ணில் விழாது.

காணொளியில் எந்த நொடியில் என்ன சைகை என்று குறிப்பெழுத ஈலான் மென்பொருள் போதும், இலவசம். வலக்கை, இடக்கை, வாய், புருவம், பார்வை, தலை, முழு வாக்கியப் பொருள் என்று தனித்தனி அடுக்கு. ஒரு நிமிடக் காணொளிக்குப் பல மணி நேரம் பிடிக்கும், பட்ஜெட்டில் எப்போதும் குறைத்து எழுதப்படுவது இதுதான். பத்தில் ஒரு பங்கையாவது இருவர் தனித்தனியே குறித்து ஒப்பிட வேண்டும். குறிப்பவர்கள் காதுகேளாத, அந்த மொழியைத் தாய்மொழிபோல் அறிந்தவர்களாக இருக்கட்டும்.

இன்னும் இரண்டு பொறிகள். பயிற்சி, சோதனை என்று பிரிக்கும்போது துணுக்கு வாரியாகப் பிரிக்காதீர்கள், ஆள் வாரியாகப் பிரியுங்கள். ஒரே ஆள் இரண்டிலும் இருந்தால் எண் பிரமாதமாக வரும், புது ஆள் வந்து நின்றதும் சரிந்துவிடும். அடுத்தது, தரவைப் பெருக்கப் படத்தை இடவலமாகத் திருப்புவது. இடக்கைக்காரர்களுக்கு அது உதவும். ஆனால் இடம், வலம், திசை சொல்லும் சைகைகள் அப்போது பொருள் மாறிவிடும். அவற்றைத் தனியே விலக்கிவையுங்கள்.

பதில் 3: மறுபார்வை

அளவீடு பற்றி. இயந்திர மொழிபெயர்ப்பு மனித மொழிபெயர்ப்போடு சொல்லுக்குச் சொல் எவ்வளவு ஒத்துப்போகிறது என்று கணக்கிடும் ப்ளூ மதிப்பெண்ணைக் காட்டி யாராவது ‘நன்றாக இருக்கிறது’ என்றால் நம்ப வேண்டாம். ‘மாத்திரையை நிறுத்துங்கள்’, ‘மாத்திரையை நிறுத்தாதீர்கள்’ இரண்டும் அந்தக் கணக்குக்குக் கிட்டத்தட்ட ஒன்றுதான். சைகையில் மறுப்பு பல சமயம் ஒரு தலையசைப்பாக மட்டுமே வரும், கேமரா அதைத் தவறவிட்டால் பொருள் நேர் எதிர்.

அதனால் பிழைகளை எண்ணுவதோடு நில்லாமல் தரம் பிரியுங்கள்: பொருள் மாறாதது, குழப்புவது, தீங்கு தருவது. எது எந்த வகை என்பதைக் காதுகேளாத மதிப்பீட்டாளர்கள் முடிவு செய்ய வேண்டும். மூன்றாம் வகைக்குத் தனி வரம்பு வைத்து, அதைத் தாண்டினால் வெளியீடு இல்லை என்று எழுதிவையுங்கள்.

சிறு வித்தியாசத்தில் பொருள் மாறும் சோடி வாக்கியங்களைக் குழுவோடு உட்கார்ந்து தொகுத்துக்கொள்ளுங்கள். மறுப்பு, எண், தேதி, நேரம், ‘வந்தால்’, ‘இருந்தால்’ வகை நிபந்தனை, ஆம்-இல்லை கேள்வி, யார் யாருக்குக் கொடுத்தார் என்பதைக் கையின் திசையால் காட்டும் வினைகள். பெரும்பாலான கருவிகள் இந்தக் கடைசியில்தான் விழுகின்றன. சைகை செய்பவர் முதலில் தன் முன்னாலுள்ள வெற்றிடத்தில் இடப்பக்கம் ஒருவரையும் வலப்பக்கம் ஒருவரையும் ‘நிறுத்திவிட்டு’, அப்புறம் அந்த இடங்களைச் சுட்டியே முழு உரையாடலும் போகும். வாக்கியம் வாக்கியமாக வெட்டிப் படிக்கும் மாதிரிக்கு முன்பு நிறுத்திய ஆட்கள் நினைவில் இருக்க மாட்டார்கள்.

அவதாரைச் சோதிக்க: மூல வாக்கியத்தைக் காட்டாமல் அவதாரை மட்டும் காட்டி, புரிந்ததைத் திருப்பிச் சைகையில் சொல்லச் சொல்லுங்கள். வேறொருவர் அதை மூலத்தோடு ஒப்பிடட்டும். ‘ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம்’ என்று கேட்டால் விருந்தாளி மரியாதைக்கு நான்கு கிடைக்கும், புரிந்ததா என்பது தெரியாது.

ஒரு விஷயம் வெளியில் தெரியாமல் போகும். கருவி தப்பாகப் படித்தாலும் குரல் தெளிவாக, இலக்கண சுத்தமாக வரும். மேசைக்காரர் அதைக் காதுகேளாதவர் சொன்னதாகவே எடுத்துக்கொள்வார். சொன்னவருக்கோ தன் பெயரில் என்ன ஒலித்தது என்றே தெரியாது. எனவே குரல் கொடுக்குமுன் கருவி புரிந்துகொண்டதை அவருக்குக் காட்டி, சரி என்றபின் பேச வேண்டும். எழுத்தில் மட்டும் காட்டினால் போதாது, பலருக்கு எழுத்துமொழி இரண்டாம் மொழி. சைகையிலும் காட்டுங்கள். ஆனால் அவதாரே தவறாகச் செய்யக்கூடியது என்பதால் இதுவும் முழுத் தீர்வு ஆகாது.

பதில் 4: இருகரை

நான்காவது கேள்விக்கு: உலகக் காதுகேளாதோர் கூட்டமைப்பும் உலகச் சைகைமொழி மொழிபெயர்ப்பாளர் சங்கமும் 2018-இல் அவதார்கள் பற்றிக் கூட்டறிக்கை வெளியிட்டிருக்கின்றன. மாறாத, முன்பே தயாரித்து வைக்கக்கூடிய தகவலுக்கு அவதார் பயன்படலாம், நேரடி உரையாடலில் மனித மொழிபெயர்ப்பாளருக்கு மாற்றாகாது என்பது அதன் சாரம். 2006-இல் ஏற்கப்பட்ட ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கையையும் படியுங்கள். பிரிவு 4(3) தங்களைப் பாதிக்கும் முடிவுகளில் அவர்களைக் கலந்தாலோசிக்கச் சொல்கிறது. பிரிவு 9 தொழில்முறைச் சைகைமொழி மொழிபெயர்ப்பாளரை அணுகல் வசதியாகவே பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது.

காவல் விசாரணை, நீதிமன்றம், அறுவை சிகிச்சைக்கு ஒப்புதல், மனநல ஆலோசனை, குழந்தைப் பாதுகாப்பு, அவசர அழைப்பு. இங்கெல்லாம் இப்போதைக்கு வேண்டாம். பிழையைத் திருத்த அங்கே இரண்டாவது வாய்ப்பு கிடைக்காது.

வாங்குபவரோடு போடும் ஒப்பந்தத்தில் மூன்று வரி சேருங்கள். ஒன்று, கருவி இருப்பதைக் காரணம் காட்டி மனித மொழிபெயர்ப்பாளர் எண்ணிக்கையையோ நிதியையோ குறைக்கக் கூடாது. அந்த ஆபத்து ஊகம் அல்ல, கொள்முதல் அதிகாரிக்கு முதலில் தோன்றுவதே அந்தச் சேமிப்புதான். இரண்டு, திரையில் ‘மனித மொழிபெயர்ப்பாளர் வேண்டும்’ பொத்தான் எப்போதும் இருக்க வேண்டும், காரணம் கேட்கக் கூடாது. மூன்று, உரையாடல் முடிந்ததும் படம் அழிய வேண்டும். மொழிபெயர்ப்பாளருக்கு ரகசியம் காக்கும் தொழில் நெறி உண்டு, உங்கள் சர்வருக்கு அது கிடையாது. பிழை ஆய்வுக்குப் பதிவு தேவை என்றால் ஒவ்வொரு முறையும் தனியாகக் கேளுங்கள்.

கேள்வி கேட்டவர்: நிரலடுக்கு

எல்லோருக்கும் நன்றி. ஆனால் எட்டுப் பேருக்கு மணிக்கூலி, கூட்டத்துக்கு இரண்டு மொழிபெயர்ப்பாளர், குறிப்பெழுதச் சம்பளம் என்று கணக்குப் போட்டால் எங்கள் நிதி தாங்காது. குழுவை மூன்று பேராகக் குறைத்தால் என்ன?

பதில் 5: விரல்நுனி

குழுவைக் குறைக்காதீர்கள், கருவியைக் குறையுங்கள். வரவேற்பு மேசையில் மேசைக்காரர் சொல்வதில் பெரும்பகுதி திரும்பத் திரும்ப வரும் வாக்கியங்கள்: ‘உட்காருங்கள்’, ‘அடையாள அட்டை வேண்டும்’, ‘இரண்டாம் தளத்துக்குப் போங்கள்’. நூற்றைம்பது, இருநூறு வாக்கியங்களைக் குழுவோடு சேர்ந்து தேர்ந்தெடுத்து, காதுகேளாத ஒருவர் சைகை செய்வதைப் படம்பிடித்து வையுங்கள். மேசைக்காரர் தட்டினால் அந்தக் காணொளி ஓடும். அவதார் வேண்டாம், அதன் பிழையும் வேண்டாம். காதுகேளாதவர் சைகையில் சொல்வதற்கும், பட்டியலில் இல்லாத எதற்கும், காணொளி அழைப்பில் மனித மொழிபெயர்ப்பாளர்.

சைகையைப் படிக்கும் பகுதியைத் தள்ளிப்போடுங்கள். முதல் ஆறு மாதம் எந்த வாக்கியம் இல்லாமல் மக்கள் திணறினார்கள் என்று எண்ணிக்கை மட்டும் எடுங்கள், படம் வேண்டாம். அந்தப் பட்டியலோடு குழுவிடம் போய், இதில் எதற்காவது ஏஐ தேவையா என்று கேளுங்கள். தேவையில்லை என்று சொல்லவும் கூடும். நூற்றைம்பது வாக்கியத்துக்கு எட்டுப் பேரும் சேர்ந்து உட்கார ஐந்தாறு அமர்வு போதும், இப்போது மறுபடி கணக்குப் போட்டுப் பாருங்கள்.