வணிகக்குறியா, வர்த்தக முத்திரையா?

அனைவருக்கும் வணக்கம்.

டிரேட்மார்க் என்பதற்கு ‘வர்த்தக முத்திரை’ போதும் என்று அன்பர் ஒருவர் எழுதியிருந்தார். செய்தித்தாள்களில் பழகிய சொல்தான். ஆயினும் முத்திரை என்றதும் அதிகாரம் உள்ளவர் இடுவது என்ற எண்ணமே முந்தி வருகிறது. பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துச் சுங்கம் கொள்வோர் மூட்டைகளில் புலியைப் பொறித்து வெளியே விடுகிறார்கள்; அது சோழ அரசின் அடையாளமேயன்றிச் சரக்கை உடைய வணிகரின் அடையாளம் அன்று. டிரேட்மார்க்கோ வணிகர் தாமே தேர்ந்து தம் சரக்குக்கு இடுவது. அரசு அதைப் பதிவேட்டில் ஏற்றுக்கொள்கிறது, அவ்வளவே.

‘வணிகச் சின்னம்’ என்று இன்னொரு சொல்லும் வழங்குகிறது; அது படத்தோடு நின்றுவிடுகிறது. 1976 ஆம் ஆண்டுச் சட்டத்துக்கு மாற்றாக 2019 டிசம்பர் 27 முதல் மலேசியாவில் நடப்பில் உள்ள சட்டமானது சொல், பெயர், கையொப்பம் ஆகியவற்றோடு நிறம், ஒலி, மணம், அசைவு ஆகியவற்றையும் டிரேட்மார்க்காக ஏற்கிறது. மூக்கால் அறியும் ஒன்றைச் சின்னம் என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

ஆகவே என் பரிந்துரை ‘வணிகக்குறி’. குறி என்பது கண்ணுக்கு மட்டும் உரியதன்று. அகப்பாடல்களில் தலைவன் தன் வரவை உணர்த்த எழுப்பும் ஓசையும் குறிதான். இயற்கையாக எழுந்த வேறோர் ஓசையை அவனுடையது என்று நம்பித் தலைவி வந்து ஏமாறுவதை ‘அல்லகுறிப்படுதல்’ என்பார்கள். ஒத்த குறியைக் கண்டு வாங்குபவர் மயங்க இடமுண்டா என்பதுதான் இந்தச் சட்டத்தில் பெரும்பாலான வழக்குகளின் உயிர்நாடி என்பதை நினைத்தால், நம் முன்னோர் பாதி வேலையை முடித்துவைத்துவிட்டார்கள் என்றே தோன்றுகிறது.

குறி என்றால் பிள்ளைகள் சிரிப்பார்கள் என்ற தயக்கத்தை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. மேற்கோள்குறி, நிறுத்தற்குறி என்று வகுப்பில் சொல்லும்போது யாரும் சிரிப்பதில்லை. சான்றுக்குறி (தரத்துக்குச் சான்றாக இடுவது), கூட்டுக்குறி (ஒரு சங்கத்து உறுப்பினர் பொதுவாக இடுவது), ஒலிக்குறி என்று கிளைச்சொற்களும் எளிதாக வருகின்றன. ‘குறியீடு’ வேண்டாம், அது ஓர் ஊருக்கே உரிய பொருளைக் காட்டும் புவிசார் குறியீட்டுக்கு நிலைத்துவிட்டது.

மலேசியத் தமிழரான நம்மிடம் பேச்சு வழக்கில் இருப்பது ‘சாப்பு’. ‘சாப் டகாங்கான்’ என்ற மலாய்ச் சட்டச் சொல்லின் முதற்பாதியும் ‘சாப்’ என்பதே. பினாங்கு லெபோ பசாரில் மசாலைத் தூள் வாங்கப் போனால் “மயில் சாப்பா, யானை சாப்பா?” என்றுதான் கேட்பார்கள். பேச்சில் அது இருக்கட்டும். ஆனால் இரப்பர் முத்திரையும் சாப்பு, அஞ்சலகத்தில் குத்துவதும் சாப்பு என்பதால் சட்டத் தமிழுக்கு அது உதவாது.

சென்ற மாதம் அங்கே ஒரு கடைக்காரர் புதிய பொட்டலத்தின் தமிழ் வாசகத்தைத் திருத்தித் தரச் சொன்னார். மயிலின் காலடியில், பதிவானது என்பதைக் காட்டும், வட்டத்துக்குள் ஆர் எழுத்து இருந்தது. பதிவு எண் கேட்டேன். “விண்ணப்பமே இன்னும் போடலங்க, அழகா இருக்குன்னு அச்சகத்துல போட்டுட்டாங்க” என்றார். பதிவாகாததைப் பதிவானதாகக் காட்டுவது குற்றம் என்று சொல்லி அந்த வட்டத்தை எடுக்கச் செய்தேன்.

இந்த வேறுபாடு தமிழிலும் தெரிய வேண்டும் என்பதால், பதிவுக்கு முன் ‘வணிகக்குறி’, பதிவான பின் ‘பதிவுற்ற வணிகக்குறி’ என்று வழங்கலாம். ‘பதிவு செய்யப்பட்ட’ என்பது நூறு கிராம் பொட்டலத்தில் இடம் கொள்ளாது. இதைவிடச் சுருக்கமான வடிவம் யாருக்கேனும் தோன்றினால் எழுதுங்கள். அந்தப் பொட்டலம் அச்சுக்குப் போக இன்னும் இரண்டு வாரம் இருக்கிறது.