தேரி மணல் ஆரஞ்சாகவே வருகிறது, அந்தச் சிவப்பை எப்படி மீட்பது?

தேரிப்பேரன்:
எல்லோருக்கும் வணக்கம். ஒரு படத்தோடு மூன்று நாளாக மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன், உங்கள் கண் வேண்டும்.

மாட்டுப் பொங்கலன்று சாயங்காலம், திருச்செந்தூர் பக்கம் குதிரைமொழித் தேரியில், அந்தச் செம்மணல் மேட்டில் எடுத்தது. முன்னால் வரிவரியாக மணல்மேடு, நடுவில் மூன்று பனை, பின்னால் மேகமில்லாத வானம். வடக்குப் பார்த்து நின்றேன், சூரியன் இடது கைப் பக்கம். நிக்கான் டி5300, 18-55 கிட் லென்ஸ், 18 மி.மீ., எஃப் 22, 1/8 நொடி, ஐ.எஸ்.ஓ. 100. ட்ரைபாட் வைத்து, போலரைசர் (வான நீலத்தை அடர்த்தியாக்கும் ஃபில்டர்) மாட்டி எடுத்தேன். ரா ஃபைல் (கேமரா பதிந்த மூலப் பதிவு) பத்திரமாக இருக்கிறது.

லைட்ரூம் எடிட்டிங் மென்பொருளில் செய்தவை: அடோப் லேண்ட்ஸ்கேப் ப்ரொஃபைல், டெம்ப் (நிற வெப்பநிலை) 7200, சாச்சுரேஷன் +25, கிளாரிட்டி +40, டீஹேஸ் +30, ஷேடோஸ் +70. வானத்தை மட்டும் மாஸ்க் போட்டுத் தனியாகப் பிரித்து இருட்டாக்கினேன்.

என்ன செய்தாலும் மணல் பூசணிக்காய் நிறத்துக்குப் போகிறது. வெயில் படும் சரிவில் மணல் வரிகளே தெரியவில்லை, ஒரே பூச்சாக இருக்கிறது. பனையோலை ஓரமெல்லாம் வெள்ளைக் கோடு வேறு.

12க்கு 18 அங்குலத்தில் ப்ரிண்ட் போட்டு ஆச்சி வீட்டுச் சுவரில் மாட்ட ஆசை. போனில் காட்டினேன். "இது நம்ம தேரியாய்யா? செங்கச்சூள மாதிரில்லா இருக்கு" என்றாள். அந்த மணலில் வெறுங்காலோடு பனங்காட்டுக்குப் போய் வந்தவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும். எங்கே தப்பு செய்கிறேன்?

ஒளிமானி:
தம்பி, முதலில் ஒரே ஒரு வேலை. லைட்ரூமின் டெவலப் பகுதியில் அந்த வெயில் சரிவின் மேல் மவுஸை வையுங்கள். ஹிஸ்டோகிராம் என்ற வெளிச்ச வரைபடத்துக்குக் கீழே ஆர், ஜி, பி (சிவப்பு, பச்சை, நீலம்) என்று மூன்று எண் நூற்றுக்கணக்கில் வரும். நாலைந்து இடத்தில் பார்த்துச் சொல்லுங்கள்.

தேரிப்பேரன்:
பார்த்தேன் அண்ணே. வெயில் சரிவில் 100, 51, 17. அதற்குப் பக்கத்து வரியில் 100, 58, 19. மேட்டு உச்சியில் 100, 66, 24. நிழல் பக்கம் 71, 30, 16.

ஒளிமானி:
உங்கள் கேள்விக்குப் பதில் இந்த எண்களிலேயே இருக்கிறது. சிவப்பு 100-ல் போய் முட்டி நின்றுவிட்டது, அதற்கு மேல் ஏற இடமில்லை. வெளிச்சம் கூடக் கூட பச்சை மட்டும் 51, 58, 66 என்று ஏறுகிறது. ஒளியில் சிவப்போடு பச்சை சேரச் சேர மஞ்சள் பக்கம் சாயும். அதனால்தான் வெளிச்சமான இடமெல்லாம் ஆரஞ்சு. மணல் வரிகள் மறைந்ததும் இதே காரணத்தால்தான். வரியின் மேட்டுக்கும் பள்ளத்துக்கும் உள்ள வித்தியாசத்தைச் செம்மண்ணில் சிவப்புச் சானல்தான் காட்ட வேண்டும், அது எல்லா இடத்திலும் 100 என்றால் கண்ணுக்கு எதுவும் மிஞ்சாது. நிழல் பக்கத்தைப் பாருங்கள், 71, 30, 16. அதுதான் உங்கள் ஆச்சியின் தேரி. அங்கே நிறம் கெடவே இல்லை.

ரா ஃபைலிலேயே போய்விட்டதோ என்று பயப்பட வேண்டாம், பெரும்பாலும் அப்படி இருக்காது. பகல் வெளிச்சத்தில் ஒயிட் பேலன்ஸ் (வெள்ளை வெள்ளையாகவே தெரிய நிறங்களைச் சரிக்கட்டுவது) சிவப்புச் சானலை ஏறக்குறைய இரண்டு மடங்காகப் பெருக்குகிறது. டெம்ப்பை 7200-க்குத் தள்ளினால் அந்தப் பெருக்கல் இன்னும் கூடும். அதன் மேல் லேண்ட்ஸ்கேப் ப்ரொஃபைல் ஒரு சுற்று நிறம் ஏற்றும், சாச்சுரேஷன் இன்னொரு சுற்று. மண் ஏற்கெனவே சிவப்பு, வெயிலும் சாய்ந்த மஞ்சள் வெயில். மூன்று முறை சர்க்கரை போட்டிருக்கிறீர்கள்.

எல்லாவற்றையும் ரீசெட் செய்யுங்கள். ப்ரொஃபைல் அடோப் நியூட்ரல். டெம்ப் 5400 பக்கம். எக்ஸ்போஷர் −0.3. சாச்சுரேஷன், வைப்ரன்ஸ் இரண்டையும் தொடாதீர்கள். பிறகு ஒவ்வொரு நிறத்தையும் தனியாக மாற்றும் எச்.எஸ்.எல். பகுதியில் ஆரஞ்சு ஹியூ (நிறச் சாயல்) −10, ஆரஞ்சு லூமினன்ஸ் (வெளிச்சம்) −15. நிறத்தை ஏற்றாமல் வெளிச்சத்தை இறக்கினாலே செம்மண் ஆழமாகத் தெரியும். வெயில் சரிவில் சிவப்பு எங்கேயும் 90-ஐத் தாண்டக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

மணல்வரி:
அண்ணன் சொன்னது முழுக்க சரி. நான் கலரைத் தொடவில்லை, படத்தின் சட்டத்தை (ஃப்ரேமை) பற்றிச் சொல்கிறேன்.

தொடுவானம் சரியாக நடுவில் கிடக்கிறது. வானத்தில் ஒரு பறவைகூட இல்லை, அதற்கு ஏன் பாதி இடம்? இந்தப் படத்தின் உயிர் மணலில் இருக்கிறது. மேலே வெட்டலாம் என்றால் பனந்தலைகள் இடிக்கின்றன. வலது ஓரப் பனையின் தலை இப்போதே பாதி வெட்டுப்பட்டிருக்கிறது. வலதுபுறம் கொஞ்சமும் மேலே கொஞ்சமும் கழித்து, அந்த ஒற்றைப் பனையை வெளியே விட்டுவிடுங்கள். இரண்டு முழுப் பனை போதும். 2:3 விகிதத்தைப் பூட்டி வைத்தே வெட்டுங்கள், இல்லாவிட்டால் 12க்கு 18-ல் ஓரம் போகும்.

வானத்தின் நடுவில் தெரியும் கருநீலப் பட்டை எடிட்டிங்கில் வந்ததில்லை, போலரைசர் செய்தது. சூரியனுக்கு 90 டிகிரியில் இருக்கும் வானத்தில்தான் அது மிக அதிகமாக வேலை செய்யும். மேற்கே சூரியன், நீங்கள் வடக்கே பார்த்தீர்கள், அதுவும் 18 மி.மீ. அகலத்தில். பட்டை நடுவில் வந்து உட்காராமல் எங்கே போகும்? ஒரு ரேடியல் மாஸ்க் (வட்ட வடிவ மாஸ்க்) வைத்து நடுவை மெதுவாக வெளிச்சமாக்குங்கள்.

அப்புறம், எஃப் 22 வேண்டாம் தம்பி, லென்ஸ் துவாரம் அவ்வளவு சின்னதாக வேண்டாம். இந்த சென்சாரில் எஃப் 11-க்கு மேலே போனாலே கூர்மை குறையத் தொடங்கும். சென்சார் தூசியும் வானத்தில் புள்ளி புள்ளியாக விழுந்திருக்கிறது, ஏழு எண்ணினேன்.

கொல்லாமரம்:
நான் உடன்குடிக்காரன், அதனால் இந்த மண்ணைப் பற்றி இரண்டு வார்த்தை. தேரி மணலின் ஒவ்வொரு பருக்கையின் மேலும் இரும்பு ஆக்சைடு பூச்சு இருக்கிறது, சிவப்பு அதிலிருந்து வருவது. காய்ந்தால் வெளிறும், நனைந்தால் கருஞ்சிவப்பாக இறங்கும். எடுப்பதற்கு முன்னால் மழை பெய்ததா? அப்படியானால் மேலே காய்ந்திருந்தாலும் சரிவின் அடியில் ஈரம் நின்றிருக்கும். அந்த இரண்டு சிவப்பும் தனித்தனியாகத் தெரிய வேண்டும், எல்லாவற்றையும் ஒரே நிறமாக்கிவிடாதீர்கள்.

ஆடிக்காற்று வீசும் மாதங்களில் வந்து பாருங்கள், மணல் வரிகள் கத்தியால் கீறியது மாதிரி இருக்கும்.

மணல்வரி அக்கா சொன்னதில் ஒன்று மட்டும் எனக்கு ஒப்பவில்லை. மூன்றாவது பனையை விட வேண்டாம். தேரியில் பனை எப்போதும் சட்டத்துக்கு வெளியேயும் தொடர்ந்துகொண்டுதான் இருக்கும். வெட்டுப்பட்ட தலை அதைத்தான் சொல்கிறது.

மணல்வரி:
பாதி தலை தவறிப்போய் வெட்டுப்பட்டது போலத்தான் இருக்கிறது. தொடர்கிறது என்று காட்ட மரத்தில் பாதியாவது வெளியே போயிருக்க வேண்டும். இரண்டு விதமாகவும் வெட்டிப் பார்க்கட்டும்.

தேரிப்பேரன்:
அண்ணே, ஒரு மணி நேரமாக இந்தப் படத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. நீங்கள் சொன்னபடி வைத்ததும் வெயில் சரிவு 79, 36, 20-க்கு வந்தது. மணல் வரிகள் ஒவ்வொன்றும் திரும்பி வந்துவிட்டன, நான் நடந்த தடத்தின் ஓரத்தில் சரிந்த மணல்கூடத் தெரிகிறது. கொல்லாமரம் அண்ணே, இரண்டு நாள் முன்னால் மழை பெய்தது உண்மைதான். சரிவின் அடியில் ஒரு கை அகலத்துக்குக் கருஞ்சிவப்பு இருக்கிறது. பழைய எடிட்டில் ஷேடோஸ் +70 அதை அழித்திருக்கிறது.

அக்கா சொன்னபடி இரண்டு பனைதான் வைத்தேன். ஓலை ஓர வெள்ளைக் கோடு மட்டும் இன்னும் போகவில்லை.

ஒளிமானி:
அது வான மாஸ்க்கின் வேலை. ஓலையின் ஈர்க்குகளுக்கு இடையில் தெரியும் வானத்தை மாஸ்க் பிடிக்காது. சுற்றியிருக்கும் வானம் இருட்டும், இடுக்கு மட்டும் பழைய வெளிச்சத்தில் நிற்கும். மாஸ்க்கை எடுத்துவிட்டு, மேலிருந்து ஒரு லீனியர் கிரேடியன்ட் (படிப்படியாகக் குறையும் மாஸ்க்) போதும். கிளாரிட்டியும் 10-ஐத் தாண்ட வேண்டாம்.

ப்ரிண்டுக்கு எஸ்.ஆர்.ஜி.பி. என்ற நிற அமைப்பில் ஜேபெக் கொடுங்கள். வெட்டாத படமே 6000 பிக்ஸல் அகலம், 18 அங்குல ப்ரிண்டில் ஓர் அங்குலத்துக்கு 333 பிக்ஸல் வரும். ஓரம் கழித்த பிறகும் 5000-க்குக் குறையாமல் இருந்தால் கவலையில்லை. திரை வெளிச்சம் அதிகமாக வைத்து எடிட் செய்திருந்தால் தாளில் இருட்டாக வரும். அதனால் எக்ஸ்போஷரை மாற்றி மாற்றி 4க்கு 6-ல் மூன்று சின்ன ப்ரிண்ட் போட்டுப் பாருங்கள்.

தேரிப்பேரன்:
மூன்று சின்ன ப்ரிண்டும் வந்தன. அப்படியே ஒன்று, +0.3, +0.5. எனக்கு +0.3 பிடித்தது. ஆச்சியிடம் எதுவும் சொல்லாமல் மூன்றையும் திண்ணையில் பரப்பினேன். வெளிச்சத்துக்குத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, இருட்டாக இருந்ததை எடுத்தாள். சரிவின் அடியில் விரலை வைத்து, "இது மழ கண்ட மண்ணு" என்றாள்.

அதையே பெரிதாகப் போடக் கொடுத்துவிட்டேன். மூவருக்கும் நன்றி.