போர்ட் ஆஃப் கால்னா சரக்கு போய்ச் சேர்ற துறைமுகமா?

புதுஆள்: ஷிப்பிங் ஆபீஸ்ல சேந்து ரெண்டு வாரம் ஆகுது, ஷெட்யூல்ல எங்க பாத்தாலும் போர்ட் ஆஃப் கால், நான் அது சரக்கு இறங்கற இடம்னு நெனச்சு மெயில் போட்டு நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டேன். என்னங்க அது?

உப்புக்காத்து: போற வழியில கப்பல் நின்னு போற எந்தத் துறைமுகமும் அதுதான். சரக்குக்கு மட்டும் இல்ல, எண்ணெய் போட, தண்ணி பிடிக்க, ஆள் மாத்த நின்னாலும் அப்படித்தான். கால்னா இங்க போன் இல்ல, எட்டிப் பாத்துட்டுப் போறதுங்கற பழைய அர்த்தம். நீங்க சொல்றது போர்ட் ஆஃப் டிஸ்சார்ஜ், பில் ஆஃப் லேடிங்ல, அதான் சரக்கு ஏத்தினதுக்குக் கப்பல் கம்பெனி தர்ற ரசீதுல, அதுக்குத் தனிக் கட்டமே இருக்கும் பாருங்க.

டெக்பாய்: கப்பலோட பின்பக்கம் பேருக்குக் கீழ எழுதியிருக்கிற ஊரையும் இதோட குழப்பிக்காதீங்க, அது பதிவுத் துறைமுகம், அந்தப் பக்கமே எட்டிப் பாக்காத கப்பல் எக்கச்சக்கம். 2004ல ஐஎஸ்பிஎஸ்ங்கற கப்பல், துறைமுகப் பாதுகாப்பு விதி வந்ததுலேர்ந்து உள்ள நுழையறதுக்கு முன்னாடியே கடைசி 10 போர்ட் ஆஃப் கால் லிஸ்ட் கேப்பாங்க, வந்த தேதி போன தேதியோட, அந்த ஃபார்ம் நிரப்பியே பாதி ராத்திரி போயிடும்.

புதுஆள்: அப்ப மேனேஜர் "உங்க ஃபர்ஸ்ட் போர்ட் ஆஃப் கால் நான்தான்"னாரே?

உப்புக்காத்து: எதுன்னாலும் முதல்ல என்கிட்ட வந்து கேளுங்கன்றார். மெயில் போடறதுக்கு முன்னாடி 😄