புதுப்பிப்பு: பழைய ஆர்சி10 பக்கிக்கு நான்கு சக்கர இயக்கம்

டீம் அசோசியேட்டட் 1984-இல் வெளியிட்ட, பின்சக்கரங்களால் மட்டும் ஓடும் ரிமோட் கண்ட்ரோல் காரான ஆர்சி10-க்கு முன்சக்கர இயக்கம் சேர்த்தேன், வேகமெடுத்தால் பின்னாலிருந்து முன்சக்கரங்களுக்கு விசை கடத்தும் பெல்ட் பல் தாவுகிறது என்று போன முறை எழுதியிருந்தேன். பெல்ட் தொய்வுதான் காரணம் என்றீர்கள். ஓரளவு சரி. சின்ன பேரிங் ஒன்றை நடுவில் வைத்து இறுக்கியதும் சத்தம் குறைந்தது. ஆனால் அசல் கோளாறு பெல்ட் ஓடும் பல்சக்கரமான புல்லியில்: பின்னால் 17 பல், முன்னால் 18! முன்னும் பின்னும் ஒன்றையொன்று இழுத்துக்கொண்டே ஓடியிருக்கின்றன. இரண்டையும் சமமாக்கிய பிறகு பெல்ட் ஒரு தடவைகூடத் தாவவில்லை.

அப்புறம், ஸ்டியரிங்கை முழுதாகத் திருப்பினால் கழன்று விழுந்த முன் டாக்போன்களுக்கு (சக்கரத்தைச் சுழற்றும் தண்டுகள்) பதில், வளைந்தாலும் கழலாத யுனிவர்சல் ஜாயிண்ட் போட்டாயிற்று. தங்க நிறச் சேஸியில் (அடிச்சட்டத்தில்) புதிதாக ஒரு துளைகூடப் போடவில்லை, அதில் எனக்கு அவ்வளவு நிறைவு. நேற்று ஈர மண்ணில் ஓட்டிப் பார்த்தேன். நான்கு டயரும் மண்ணை வாரி இறைத்தன.