ஓடாமல் துரத்துபவன்: கதைகள் சொல்லுங்கள்

நண்பர்களே, ஓர் உதவி வேண்டும். இளைஞர்களை விடாமல் பின்தொடரும் ஒருவன், அல்லது ஏதோ ஒன்று, வரும் திகில் நாவல்களும் சிறுகதைகளும் தேடுகிறேன். ஒரே நிபந்தனை: துரத்துவது ஓடக் கூடாது.

போன வாரம் 1978-இல் வெளியான ‘ஹாலோவீன்’ படத்தை மறுபடி பார்த்தேன். கதாநாயகி லாரி அலறிக்கொண்டு ஓடிவந்து எதிர்வீட்டுக் கதவைத் தட்டுகிறாள், சாவியைக் காணோம். மாடி ஜன்னல் மீது பூந்தொட்டியை எறிகிறாள். பின்னால் முகமூடிக் கொலைகாரன் மைக்கேல் மையர்ஸ், சாப்பிட்டுவிட்டு உலாவக் கிளம்பியவன்போல, நிதானமாகத் தெருவைக் கடந்து வருகிறான். எத்தனை முறை பார்த்தாலும் அந்த நடைதான் வயிற்றைப் பிசைகிறது. 2014-இன் ‘இட் ஃபாலோஸ்’ படம் இன்னும் மோசம். அமெரிக்காவின் டெட்ராய்ட் பக்கத்து இளைஞர்களை நடந்தே தேடிவரும் அது, யார் உருவிலும் வரும். குறிவைக்கப்பட்டவர்கள் கண்ணுக்கு மட்டுமே தெரியும். காரில் தப்பினாலும் கொஞ்சம் அவகாசம்தான் கிடைக்கும்.

திரையில் தூரத்தில் ஒரு புள்ளி நகர்ந்தால் போதும். எழுத்தில் அதை எப்படிக் கொண்டுவருகிறார்கள்? நானும் ஒரு கதை எழுதிப் பார்க்கிறேன். எட்டாம் பக்கத்திலேயே என் பேய், கடைசி பஸ்ஸைத் தவறவிட்டவர்போலப் பரிதாபமாகத் தெரிகிறது.

தமிழ், மொழிபெயர்ப்பு, ஆங்கிலம் எதுவானாலும் சரி. துரத்துபவனின் பால்யகாலச் சோகத்தைக் கடைசி அத்தியாயத்தில் விளக்கும் கதைகள் மட்டும் வேண்டாம். தலைப்போடு, எந்த இடத்தில் பயந்தீர்கள் என்றும் ஒரு வரி எழுதுங்கள். முடிவை மட்டும் சொல்லிவிடாதீர்கள்.