தெப்பக்குளத்துல தண்ணி நிக்கிறதுல யாருக்கு நட்டம்?

பெருசு_காமராஜர்சாலை · ஞாயிறு இரவு 9.10

திட்டுறவங்க வரிசையா வந்து திட்டிக்கங்க. மனசுல கெடந்து உறுத்துது, சொல்லிப்புடுறேன்.

எனக்கு வயசு 61. பொறந்ததுல இருந்து மதுரைல மாரியம்மன் தெப்பக்குளத்துக்குக் கூப்பிடு தூரத்துலதான் வீடு. இன்னைக்குச் சாயங்காலம் ஒரு சுத்து நடக்கலாம்னு போனேன். பாதி தாண்டல, திரும்பிட்டேன். பஜ்ஜிக் கடை, சுண்டல் கடை, குறுக்கும் மறுக்கும் நிப்பாட்டுன வண்டி. தண்ணி முன்னால நின்னு போட்டோ புடிக்கிற கூட்டம். கால் வைக்க எடமில்ல.

தண்ணியே இல்லாத தெப்பக்குளம்தான் எங்க தெப்பக்குளம். எழுபதுகள் கடைசில ஞாயித்துக்கெழமைன்னா உள்ள எட்டு மேட்ச் ஒண்ணா ஓடும். எந்தப் பந்து எந்த டீமோடதுன்னு தெரியாது. நம்ம பேட்ஸ்மேன் அடிச்ச பந்தை அடுத்த மேட்ச் ஃபீல்டர் புடிச்சு, பழக்கத்துல "அவுட்"டுன்னு கத்துவான். மைய மண்டபத்துச் செவுத்துல நேராப் பட்டா ஆறு. சுத்தியும் கருங்கல் படி, அதுதான் கேலரி. சைக்கிள் பழகுனதும் அங்கதான், முட்டி பேந்ததும் அங்கதான். ஒத்தப் பைசா செலவில்ல.

இப்பத் தண்ணி நிக்குது, அழகாத்தான் இருக்கு. ஆனா அது ஞாயித்துக்கெழமை வேடிக்கை பாக்க வர்றவங்க குளமா ஆயிப்போச்சு. நாங்க கரையில எடம் கெடைக்குமான்னு பாத்துக்கிட்டு நிக்கிறோம்.

அனுப்பானடி_போர்வெல் · 9.34

பெரியப்பா, மரியாதைக்குக் கொறச்சல் இல்லாமக் கேக்குறேன். நீங்க ஆறு அடிச்ச காலத்துல எங்க வீட்ல என்ன நடந்துச்சுன்னு தெரியுமா?

மொதல்ல போட்ட போர் 150 அடி. அது காத்து வாங்கிருச்சு. அடுத்தது 280. அதுவும் போச்சு. கடைசியா 400 அடிக்கு எறக்கினோம், எங்கம்மா வளையல் அடகுக்குப் போச்சு. அதுலயும் கோடைல அரை மணி நேரம் ஓடுனா மோட்டார் சூடேறி நின்னுரும். ராத்திரி ரெண்டு மணிக்கு லாரித் தண்ணிக்குக் கொடத்தோட நின்ன ஆளு நான்.

பனையூர்க் கால்வாயைத் தூர்வாரி, வைகைத் தண்ணி குளத்துக்குள்ள வந்ததுக்கப்புறம் எங்க தெருவுல லாரி வந்து நான் பாக்கல. 150 அடி போரைச் சும்மா சோதிச்சுப் பாத்தோம். தண்ணி எடுக்குது! மூடி போட்டு மேல துளசி மாடம் வச்சிருந்தோம், அத ஒடச்சுட்டு மோட்டார் எறக்கினோம்.

உங்க கிரிக்கெட் ஞாபகத்தை விட எங்கம்மா வளையல் பெருசு.

ஜிகர்தண்டா_டபுள் · 9.41

மாரியம்மனுக்கு மேல வச்சீங்களா துளசி மாடத்த 😀
பெருசு, உங்க டீம்ல நான் பன்னெண்டாவது ஆளா இருந்திருப்பேன்.

வேளச்சேரி_மருதக்காரன் · 9.58

நான் மெட்ராஸ் வந்து இருபது வருசமாச்சு. வண்டியூர்க் கண்மாய்லயும் இதே மாதிரி தண்ணி நிக்குதாமே, படகு எல்லாம் விடுறாங்களாம்? அதுவும் திருமலை நாயக்கர் வெட்டுனதுதான?

கல்வெட்டு · 10.15

ரெண்டையும் போட்டுக் கொழப்பாதீங்க தம்பி. வண்டியூர்க் கண்மாய் வேற. அது வைகைக்கு வடகரைல, மாட்டுத்தாவணிப் பக்கம், பாசனத்துக்கு இருந்த கண்மாய். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் இது. தென்கரைல, கோயில் குளம். 1645ல திருமலை நாயக்கர் கட்டுனது. மகாலுக்குச் செங்கல் அறுக்க மண்ணெடுத்த பள்ளம்னு சொல்லுவாங்க. தோண்டும்போது கெடச்சவர்தான் மீனாச்சி கோயில்ல இருக்கிற முக்குறுணிப் பிள்ளையார்.

பெருசு சொல்றதுல ஒரு எடத்துல எனக்கு ஒப்பு இல்ல. "எங்க குளம் தண்ணியில்லாத குளம்"னு சொல்றதுக்கு உங்களுக்கு எத்தன வருசக் கணக்கு இருக்கு? ஐம்பதா? இது கட்டி முன்னூத்து எம்பது வருசமாச்சு. கிட்டத்தட்ட ஆயிரம் அடி நீளத்துக்குக் குளம் வெட்டி, வைகைல இருந்து தண்ணி வர வழியும் வச்சுக் கட்டுனவன், உள்ள ஸ்டம்ப் நடுறதுக்கா கட்டுனான்? தைப்பூசத்துக்கு மீனாச்சியும் சொக்கரும் தெப்பத்துல சுத்தி வரணும். தண்ணியில்லாத வருசமெல்லாம் தெப்பம் நின்ன எடத்துலயே நின்னுச்சு, நிலைத் தெப்பம்னு அதுக்குப் பேரும் வச்சு மனசத் தேத்திக்கிட்டோம். கோளாறை வழக்கமாக்குறதுல நம்மாளுக கெட்டிக்காரய்ங்க.

அனுப்பானடி_போர்வெல் · 10.22

கல்வெட்டு அண்ணே, அதச் சொல்லுங்க. தெப்பத்துக்கு வடம் புடிக்கிறதே எங்க ஊர்க்காரங்கதான். தண்ணியில ஓடுற தெப்பத்தை இழுக்கும்போது கைக்கு வர்ற கனமே வேற.

பெருசு_காமராஜர்சாலை · 10.40

கட்டுனவன் எதுக்குக் கட்டுனான்னு பாத்தா, மீனாச்சி கோயிலுக்கு முன்னால அதே நாயக்கர் கட்டுன புதுமண்டபத்துல தையல் மிஷின் எதுக்கு ஓடுச்சு, புத்தகக் கடை எதுக்கு இருந்துச்சு? அத்தன வருசம் அங்க தச்சுப் போட்ட சட்டையும் மதுரைதான்.

நான் தண்ணி வேணாம்னு சொல்லல. தண்ணி வந்ததும் அந்த எடம் எல்லாருக்கும் பொதுவா இருந்தது போச்சுன்னு சொல்றேன். அன்னைக்கு எவன் வேணா எறங்கலாம். கீழவாசல்ல மூட்டை தூக்குறவர் மகனும் உள்ள ஆடுவான், ஜவுளிக்கடை மொதலாளி மகனும் ஆடுவான்.

மோர்_மிளகாய் · 11.05

எல்லாரும் எறங்கலாமா? அண்ணே, நான் அதே காமராஜர் சாலைல பொறந்து வளந்தவ. உங்களுக்கு நாலஞ்சு வயசு எளையவளா இருப்பேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள், அந்தக் குளத்துக்குள்ள நான் எறங்கினதில்ல. எங்க தெருப் பொண்ணுக யாரும் எறங்கினதில்ல. படியில ஒக்காந்தாக்கூட "பயலுக வெளாடுற எடத்துல ஒனக்கென்ன வேலை"ம்பாரு எங்கப்பா. கோயில்ல சாமி கும்பிட்டமா, கம்பிக்கு வெளிய நின்னு எங்கண்ணனைச் சாப்பிடக் கூப்பிட்டமா, திரும்பிப் பாக்காம வீட்டுக்கு வந்தமான்னு இருக்கணும்.

இப்ப நானும் எங்க அக்காவும் தெனம் ஆறு மணிக்குப் போயி தென்கரைச் சுவத்துல ஒக்காருறோம். காத்து வருது. வீட்டு வம்பெல்லாம் பேசி முடிச்சு ஏழரைக்குக் கெளம்புவோம். எங்க வயசுல இது மாதிரி ஒக்கார மதுரைல வேற எடம் இருந்ததா எனக்கு ஞாபகமில்ல. நீங்க சொல்ற "பொது" ஆம்பளப் பயலுக பொது.

கடைக்காரங்களப் பத்தி மட்டும் நீங்க சொன்னது சரி. தின்னுட்டுத் தட்டைத் தண்ணிக்குள்ள வீசுறாங்க. போன மாசம் ஒரு மூலைல மீன் செத்து மெதந்து, ரெண்டு நாள் அந்தப் பக்கம் போக முடியல.

தட்டுக்கடை_தம்பி · 11.20

கடைக்காரன் வீசலக்கா, வாங்கித் திங்கிறவங்க வீசுறாங்க. எங்க மாமா கடை கீழ்கரைல. ரெண்டு டின்னு வச்சிருக்கோம், ராத்திரி பதினோரு மணிக்கு நாங்களே கூட்டி அள்ளிட்டுத்தான் போறோம். அவரும் அந்தக் குளத்துக்குள்ள பந்து பொறுக்குன ஆளுதான். அவரு டீம்ல வேற எவனும் இன்னைக்கு அந்தக் குளத்தை வச்சுப் பொழைக்கல.

மீன் செத்ததுக்கு பஜ்ஜித் தட்டு காரணமில்ல. கால்வாய்ல வழிநெடுக வீட்டுச் சாக்கடையைத் திருப்பி விட்டிருக்காங்கெ. ஆத்துல தண்ணி வரும்போது மேல நொரையோட வர்றதக் கண்ணால பாத்திருக்கேன். அதக் கேளுங்க மொதல்ல.

கல்வெட்டு · 11.26

இது நூத்துக்கு நூறு. நாம குளத்தைப் பாத்துச் சண்டை போடுறோம், கால்வாயை எவனும் பாக்குறதில்ல.

பெருசு_காமராஜர்சாலை · திங்கள் காலை 5.50

ராத்திரி தூக்கம் வரல. மோர் மிளகாய் தங்கச்சி சொன்னது குத்திருச்சு. எங்க வீட்லயும் ஒரு தங்கச்சி இருந்துச்சு. வீட்ல இருந்து எனக்குத் தூக்குவாளில தண்ணி கொண்டாந்து படிக்கு மேலயே வச்சுட்டுப் போயிரும். ஏன் உள்ள வரலன்னு நான் ஒரு நாளும் கேட்டதில்ல.

ஆனா ஒண்ணு கேக்குறேன், இதுக்கு யாராச்சும் பதில் சொல்லுங்க. எங்க பேரன் எங்க வெளாடுவான்? ரிங் ரோட்டுப் பக்கம் பச்சைக் கம்பளம் விரிச்சு, வலை கட்டி, மணிக்கணக்குப் போட்டுக் காசு வாங்குறாங்க. பன்னெண்டு பயலுக காசு சேத்து ஒரு மணி நேரம் ஆடுறாய்ங்க. நேரம் முடிஞ்சா விசில் ஊதி வெளிய தள்ளிருவாங்க. கடைசி ஓவர்ல நாலு ரன் வேணும்னாலும் தள்ளிருவாங்க. தமுக்கம் இருக்கே, ரேஸ்கோர்ஸ் இருக்கேன்னு சொல்லாதீங்க. தெருப்பய சும்மா போயி ஸ்டம்ப் நட முடியுமா அங்க?

அனுப்பானடி_போர்வெல் · 6.30

நல்ல கேள்வி பெரியப்பா. ஆனா அதுக்குக் குளத்தைக் காயப் போட முடியாது. காஞ்ச குளம் இந்த ஊர்ல மைதானமா நிக்கிறதில்ல, கட்டடமாயிரும். ஏழுகடல் குளத்துல கடைக எந்திரிச்சது. உலகனேரிக் கண்மாய்ல ஐகோர்ட்டு வந்துச்சு. டவுன்ஹால் ரோட்டுப் பெருமாள் தெப்பக்குளம் கடைகளுக்குப் பின்னால ஒளிஞ்சு கெடந்தத நீங்களே பாத்திருப்பீங்க. இது மட்டும் ஏன் தப்பிச்சது? கோயில் சொத்து, சுத்திக் கருங்கல், வருசத்துல ஒரு நாள் தெப்பம். அது இல்லைன்னா உங்க பிட்சுலயே ஒரு பஸ் ஸ்டாண்டு வந்திருக்கும்.

ஜிகர்தண்டா_டபுள் · 6.44

மைய மண்டபத்துல டைம் கீப்பர் ஆபீஸ்.

மோர்_மிளகாய் · 7.15

கார்ப்பரேசன் ஸ்கூல் மைதானங்களை லீவு நாள்ல தொறந்து விடச் சொல்லி எழுதிக் குடுங்கண்ணே. பயலுகளுக்கு மட்டும்னு எழுதிராதீங்க.

பெருசு_காமராஜர்சாலை · 7.40

எழுதுறேன். பொம்பளப் புள்ளைகளுக்கும்னு மொத வரியிலயே போடுறேன்.

போர்வெல் தம்பி, ஒண்ணு சொல்லாம விட்டுட்டேன். எங்க வீட்டுக் கொல்லைல ஒரு கெணறு. எங்க தாத்தா வெட்டுனது. நான் தெப்பக்குளத்துக்குள்ள எறங்கி வெளாடுன காலம் பூரா அது குப்பை போடத்தான் ஆச்சு. போன ஐப்பசில எட்டிப் பாத்தேன். கயிறு போட்டா எட்டுற தூரத்துல தண்ணி. சம்சாரத்தைக் கூப்பிட்டுக் காட்டினேன்.

அதுக்காகக் கரைல வண்டி நிப்பாட்டுறதை ஒத்துக்கிட்டேன்னு அர்த்தம் இல்ல.

கல்வெட்டு · 7.52

இன்னைக்கு நடந்தீங்களா?

பெருசு_காமராஜர்சாலை · 8.05

அஞ்சரைக்கே. கடை ஒண்ணும் இல்ல, ஒரு சுத்து முழுசா வந்தேன். வடகிழக்கு மூலைல போன வாரம் மூணு படி தெரிஞ்சது. இன்னைக்கு அஞ்சு. ஆத்துல எப்பத் தண்ணி விடுறாங்கன்னு யாருக்காச்சும் தெரியுமா?